பைகளும் ஒட்டுப் போர்வைகளும்: மாதிரியை நமக்கேற்ப மாற்றும் முறை

(வெள்ளி விழாவின் மகளிர் அரங்கில் தையல் வகுப்பு ஆசிரியை ஆற்றிய உரை)

 

காலையிலிருந்து இம்மேடையில் சட்டம் படித்தவர்கள் பேசினார்கள். கல்லூரிப் பேராசிரியர்கள் பேசினார்கள். அவர்களுக்குப் பின் கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய ஒருத்தியை நிறுத்திப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டவுடன் பின்வரிசையில் இருக்கும் இளைஞர் சிலர் தேநீர் குடிக்க எழுவது எனக்குத் தெரிகிறது. தம்பிகளே, உட்காருங்கள். இது பெண்கள் பேச்சு என்று எண்ணாதீர்கள். இது கணக்கும் கூலியும் பற்றிய பேச்சு.

நம் தையல் வகுப்பு தொடங்கிய காலத்தில் நடந்த ஒரு செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கத்தின் பழைய உறுப்பினர்களுக்கு அது நினைவிருக்கும். அவர்களில் சிலர் அதற்காக என்மீது கோபப்பட்டதும் உண்டு. நகரத்துக் கடை ஒன்று நம்மிடம் 200 கைப்பைகள் தைத்துத் தரக் கேட்டது. மாதிரிப் பை ஒன்றும், வெட்டு அளவு குறித்த தாள் ஒன்றும் கொடுத்தார்கள். துணி நம் பொறுப்பு. பைக்கு இவ்வளவு என்று மொத்த விலை. அதுவரை பாவாடையும் இரவிக்கையும் தைத்துக்கொண்டிருந்த நமக்கு அது பெரிய வேலை. மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டோம்.

அந்தப் பை 12 அங்குல அகலம், 14 அங்குல உயரம், அடியில் 4 அங்குலத் தடிமன். பக்கத் துண்டு ஒன்றின் வெட்டு அளவு 17 அங்குலத்துக்கு 18 அங்குலம். கைப்பிடி இரண்டு, ஒவ்வொன்றும் 3 அங்குல அகலம், 27 அங்குல நீளம், அதை நான்காக மடித்துத் தைக்க வேண்டும். அளவுத் தாளில், 18 அங்குல நீளத் துணிக்கு ஒரு பை என்று எழுதியிருந்தது. 200 பைக்கு 3,600 அங்குலம், அதாவது 100 கஜம். நானும் அப்படியே கணக்கிட்டு 100 கஜம் கைத்தறித் துணி வாங்கினேன். பாதி செங்காவி, பாதி நீலம்.

வெட்டும் பலகையில் துணியை விரித்தபோதுதான் என் அறியாமை எனக்குத் தெரிந்தது. அந்தத் தாள் 45 அங்குல அகலத் துணிக்காக எழுதப்பட்டது. 45 அங்குலத்தில் 17 அங்குலத் துண்டுகள் இரண்டைப் பக்கம் பக்கமாக வெட்டினால் 34 போக மீதி 11 அங்குலம். அந்த 11 அங்குலத்தில் 3 அங்குலப் பட்டிகள் மூன்று நீளவாக்கில் கிடைக்கும். ஒரு பைக்குரிய 18 அங்குல நீளத்தில் மூன்று பட்டி என்றால் 54 அங்குலம். அதுவே 27 அங்குலக் கைப்பிடிகள் இரண்டு. மிகவும் அறிவோடு போட்ட கணக்கு. ஆனால் நான் வாங்கியதோ 36 அங்குல அகலத் துணி. 34 போக 2 அங்குலமே மிஞ்சியது. கைப்பிடிக்கு ஓர் இழை கூட இல்லை. 400 கைப்பிடிகளுக்கு மேலும் இருபத்தைந்தரை கஜம் வாங்க வேண்டியதாயிற்று. கடைக்காரர் விலையை ஒரு காசு கூட்டவில்லை. கைப்பிடியைக் குறைத்துக்கொள்ளவும் இசையவில்லை. அவர் பிழை என்று நான் சொல்லமாட்டேன். தாளைப் படித்தேனே தவிர, தாள் எந்தத் துணியைப் பார்த்து எழுதப்பட்டது என்று நான் கேட்கவில்லை. பதினொரு பெண்கள் ஒரு மாதம் உழைத்த கூலியில் பெரும்பகுதி அந்த இருபத்தைந்தரை கஜத்தில் போய்விட்டது. அவர்களில் இருவர் அதன் பின் வகுப்புக்கு வரவில்லை.

ஆகவே இன்று நான் பேசப்போவது அழகிய பை தைப்பது எப்படி என்பது பற்றியன்று. பிறர் வரைந்த மாதிரி நம் கைக்கு வரும்போது அதை எப்படிப் பிரித்துப் பார்த்து, நம் துணிக்கும் நம் தேவைக்கும் ஏற்ப மாற்றுவது என்பது பற்றியே பேசப்போகிறேன்.

மாதிரி என்பது ஒருவர் தம் வீட்டில், தம்மிடமுள்ள துணியில், தம் பழக்கத்துக்கேற்பப் போட்ட கணக்கின் விடை. விடை மட்டுமே தாளில் இருக்கும், கணக்கு இராது. அந்தக் கணக்கை நாம் மீட்டெடுத்தாக வேண்டும். மேற்சொன்ன பையையே எடுத்துக்கொள்வோம். 17 என்பது எங்கிருந்து வந்தது? பையின் அகலம் 12, தடிமன் 4, இரு பக்கமும் தையலுக்காக அரை அரை அங்குலம், ஆக 1. மொத்தம் 17. உயரத் துண்டு 18 எப்படி வந்தது? உயரம் 14, தடிமனில் பாதி 2, அடித் தையலுக்கு அரை, வாய் மடிப்புக்கு ஒன்றரை. மொத்தம் 18. தடிமனில் பாதியை ஏன் உயரத்தில் சேர்க்கிறோம் என்றால், பையின் அடிப்பாகம் இரு பக்கத் துண்டுகளிலிருந்தும் பாதிப் பாதியாக உருவாகிறது. பையைத் தைத்தபின் அடி மூலையைப் பிடித்து, பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு மடக்கினால் ஒரு முக்கோணம் தோன்றும். அதன் நுனியிலிருந்து 2 அங்குலம் உள்ளே குறுக்காகக் கோடிட்டால் அந்தக் கோட்டின் நீளம் சரியாக 4 அங்குலம் இருக்கும். அதன்மேல் தைத்து நுனியை வெட்டிவிட்டால் பை நிமிர்ந்து நிற்கும்.

இக்கணக்கு தெரிந்தபின் எந்தப் பையும் உங்கள் பைதான். பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகப் பை வேண்டுமா? புத்தகத்தின் அகலத்தை வைத்துத் தொடங்குங்கள். சோற்றுத் தூக்கு வைக்க வேண்டுமா? தூக்கின் குறுக்களவுதான் தடிமன். 36 அங்குலத் துணிதான் இருக்கிறதா? பையின் அகலத்தை 10 ஆக்கினால் துண்டு 15, இரண்டுக்கு 30, மீதி 6 அங்குலத்தில் 3 அங்குலப் பட்டிகள் இரண்டு கிடைக்கும். 18 அங்குல நீளத்தில் இரண்டு பட்டிகள் சேர்ந்து 36 அங்குலம். தோளில் மாட்டும் ஒற்றைப் பட்டை ஒன்று துணி சேதமின்றி வந்துவிடும். அந்தக் கடைக்காரரிடம் நான் இதைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். அன்று எனக்கு இது தெரியாது.

மாதிரியைப் பெரிதாக்கும்போது நம் பெண்கள் செய்யும் பெரும்பிழை ஒன்று உண்டு. 4 அங்குலச் சதுரம் தைத்து முடிந்தபின் வர வேண்டுமானால், சுற்றிலும் கால் அங்குலம் விட்டு நாலரை அங்குலமாக வெட்டுகிறோம். இதை ஒன்றரை மடங்காகப் பெரிதாக்க வேண்டும் என்றால் நாலரையை ஒன்றரையால் பெருக்கி ஆறே முக்கால் என்று வெட்டுகிறார்கள். அது தவறு. 4ஐப் பெருக்கினால் 6. அதனுடன் தையலுக்கு அரை அங்குலம் சேர்த்தால் ஆறரை. துணி வளரலாம்; தையல் வளராது. ஆகவே மாதிரித் தாளில் உள்ள அளவு தையல் விட்ட அளவா, விடாத அளவா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டு இதழ்களிலிருந்து எடுத்த மாதிரிகளில் சில அங்குலத்திலும் சில சென்டிமீட்டரிலும் இருக்கும். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொண்டே வெட்டாதீர்கள். எதில் தொடங்குகிறீர்களோ அதிலேயே முடியுங்கள்.

நம் ஊரில் தச்சரும் தையற்காரரும் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள். அந்த நூல்கணக்கு ஒட்டுப் போர்வைக்கு உயிர். அது எப்படி என்று சொல்வதற்கு, பாதியில் விட்ட கதையை நான் தொடர வேண்டும்.

200 பைகளும் போன பிறகு வகுப்பறையின் மூலையில் 2 அங்குல அகலத்தில் 100 கஜம் நீளத்துக்குக் கழிவுப் பட்டிகள் குவிந்து கிடந்தன. எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அப்போது வகுப்பில் ஓர் அக்கா இருந்தார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை, முன்வரிசையில்தான் இருக்கிறார். பகலில் நடவுக்குப் போய்விட்டு மாலையில் வகுப்புக்கு வருவார். அவர் அந்தப் பட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நடுவில் ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றி ஒரு பட்டி. அது முடிந்ததும் திரும்பி அடுத்த பட்டி. இப்படி மூன்று சுற்று. இரு பக்கம் செங்காவி, இரு பக்கம் நீலம். இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். வயலைச் சுற்றி வரப்புப் போடுவதற்கு யாரிடமம்மா கற்றுக்கொள்வார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கணக்கைப் பாருங்கள். 2 அங்குலப் பட்டியில் இரு ஓரமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒன்றரை அங்குலம் வெளியே தெரியும். நடுச் சதுரம் ஒன்றரை. ஒவ்வொரு சுற்றும் இரு பக்கமும் சேர்த்து மூன்று அங்குலம். மூன்று சுற்றுக்கு ஒன்பது. ஆகக் கட்டம் ஒன்று பத்தரை அங்குலம். ஒரு கட்டத்துக்கு 80 அங்குலப் பட்டி செலவாகும். ஐந்து கட்டம் அகலம், எட்டுக் கட்டம் நீளம் என்று நாற்பது கட்டங்கள் வைத்தால் 3,200 அங்குலம். நம்மிடம் இருந்தது 3,600. ஐம்பத்திரண்டரை அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் உள்ள போர்வை முகம் ஒன்று, நான் வீண் என்று ஒதுக்கிய பட்டிகளிலிருந்தே எழுந்தது.

ஆனால் முதல் முயற்சியில் அது எழவில்லை. அவசரத்துக்காகக் கட்டங்களை நால்வருக்குப் பகிர்ந்து கொடுத்தோம். சேர்க்கும் நாளில் ஒருவர் கட்டம் மற்றவர் கட்டத்தோடு பொருந்தவில்லை. காரணம் அரை நூல்தான். தையலைக் கால் அங்குலத்துக்குப் பதில் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால், சேரும் இரு துண்டிலும் அரை அரை நூலாக ஒரு தையலுக்கு ஒரு நூல் போகிறது. கட்டத்தின் குறுக்கே ஆறு தையல். ஆறு நூல் என்றால் முக்கால் அங்குலம். ஐந்து கட்டத்துக்கு மூன்றே முக்கால் அங்குலம் குறைந்துவிடும். அதனால்தான் இன்றும் வகுப்பில் தையல் இயந்திரத்தின் தட்டில், ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு துண்டு ஒட்டுத்தாள் ஒட்டிவைத்திருக்கிறேன். துணியின் ஓரம் அந்தத் தாளை உரசிக்கொண்டு போக வேண்டும். எத்தனை பேர் தைத்தாலும் ஒரே அளவு வரும்.

இந்தக் கட்டத்துக்கு அமெரிக்காவில் ஒரு பெயர் உண்டு என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு படப் புத்தகத்தில் பார்த்தேன். 'மரக்குடில்' என்று பொருள்படும் 'லாக் கேபின்' என்பது அது. அதனோடு உறவுடைய மற்றொன்றை அங்குள்ள கறுப்பினப் பெண்கள் 'வீட்டுக் கூரை' என்று பொருள்பட 'ஹவுஸ்டாப்' என்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அவர்கள் கதையில் நம் கதையும் இருக்கிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அலபாமா ஆறு வளைந்து செல்லும் இடத்தில் கீஸ் பெண்ட் என்றோர் ஊர். ஆறு மூன்று பக்கம் சூழ்ந்த மண். 1816இல் ஜோசப் கீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் அமைத்தார். பின்னர் 1845இல் அத்தோட்டம் மார்க் பெட்வே என்பவர் கைக்கு வந்தது. அவர் தம் அடிமைகளை வட கரோலினாவிலிருந்து நடத்தியே அழைத்து வந்தார். இன்றும் அவ்வூரில் பலருடைய குடும்பப் பெயர் பெட்வே என்பதே. ஆண்டையின் பெயர் அடிமைகளின் பேரப்பிள்ளைகள் மீது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடிமை முறை ஒழிந்த பிறகும் குத்தகையும் கடனும் ஒழியவில்லை. 1932இல், கடன் கொடுத்திருந்த வணிகர் ஒருவர் இறந்துபோக, அவர் குடும்பத்தார் ஆள்களை அனுப்பி வீடு வீடாகப் புகுந்து கலப்பை, கால்நடை, தானியம் எல்லாவற்றையும் அள்ளிச் சென்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் அம்மக்களை மூடியவை அவ்வூர்ப் பெண்கள் தைத்த ஒட்டுப் போர்வைகள்.

எவற்றால் தைத்தார்கள்? வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகள், மாவு மூட்டைத் துணிகள், பிள்ளைகளின் பழைய சட்டைகள். வெயிலில் வெளுத்த கால்சட்டைத் துணியில், பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக இருக்கும். அந்தத் தடத்தை அவர்கள் மறைக்கவில்லை. அதையே கோலமாக வைத்துத் தைத்தார்கள். மிசோரி பெட்வே என்ற அம்மையார் 1942இல் தம் கணவர் இறந்தபின் அவருடைய உழைப்பாடைகளைக் கிழித்துப் போர்வையாகத் தைத்தார். அந்தப் போர்வை இன்று கலைக்கூடங்களில் வைத்துப் போற்றப்படுகிறது. அவர் தைத்தபோது நினைத்தது கலைக்கூடத்தையன்று. அவரை நினைத்துக்கொண்டு போர்த்திக்கொள்ளத்தான் தைத்தார் என்பதை அவர் மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து வாக்குரிமைக்காகப் பேசினார். அதற்கு முன்பே, 1962இல், ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தது. கறுப்பின மக்கள் அக்கரையிலுள்ள கேம்டன் நகருக்குச் சென்று வாக்காளர் பட்டியலில் பெயர் பதிவதைத் தடுப்பதற்கே அது என்பது எல்லாரும் அறிந்தது. அந்தப் படகு மீண்டும் ஓடியது 2006இல். நாற்பத்து நான்கு ஆண்டுகள்! ஊர்க் கிணற்றையும் பொதுப் பாதையையும் பற்றி நம் பெரியவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1966 மார்ச்சில் அப்பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். ஃபிரான்சிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார் துணை நின்றார். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற அம்மையார் பல்லாண்டு அதை நடத்தினார். நியூயார்க் நகரில் போர்வைகள் ஏலம் விடப்பட்டன. பெரிய அங்காடிகள் கேட்டு வாங்கத் தொடங்கின. இங்கேதான் கவனிக்க வேண்டும். அங்காடிகள் ஒரே அளவும் ஒரே நிறமும் ஒரே மாதிரியும் கேட்டன. நூறு போர்வை வாங்கினால் நூறும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மனம்போனபடி வெட்டித் தைத்தவர்கள் அளவுத் தாளைப் பார்த்துத் தைக்க வேண்டியதாயிற்று. சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கையில் கூலி வந்தது. வயல் வேலையை மட்டும் நம்பியிருந்த பெண்கள் தம் பெயரில் பணம் வாங்கினார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் வேலை வந்தது. பகலில் அளவுத் தாளின்படி உறை தைத்தவர்கள், மீந்த கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தம் விருப்பப்படி போர்வை தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வந்தபோது உலகம் வியந்தது, அளவுத் தாள் பார்க்காமல் தைத்த போர்வைகளைப் பார்த்துத்தான். 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் படங்களோடு பத்து அஞ்சல் தலைகள் வெளியிட்டது.

இதைச் சொல்லிவிட்டு, ஆகவே நீங்களும் விருப்பப்படியே தையுங்கள் என்று முடித்தால் நான் உங்களை ஏமாற்றியவளாவேன். ஒரே அளவில் தைக்கத் தெரிந்ததனால்தான் அவர்களுக்குக் கூலி வந்தது. இரண்டும் வேண்டும். கடைக்குத் தைக்கும்போது அரை நூல் பிசகக் கூடாது. வீட்டுக்குத் தைக்கும்போது யாரையும் கேட்க வேண்டாம். புகழ் வந்தபின் வந்த பணம் யாருக்கு எவ்வளவு என்பதில் அங்கும் சச்சரவு எழுந்தது. 2007இல் தையற்பெண்கள் சிலர் நீதிமன்றம் சென்றார்கள். மறு ஆண்டு அவ்வழக்குகள் முடிவுக்கு வந்தன. கூட்டுறவு அமைப்பும் 2012இல் மூடப்பட்டது. அவர்களுக்கும் முன்னே, ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் என்ற பெண், விவிலியக் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த போர்வையைப் பத்து டாலர் கேட்டு, வறுமையால் ஐந்து டாலருக்குக் கொடுத்தார். அது இன்று வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல கைவேலை செய்பவருக்கு விலை சொல்லத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் இத்தகைய கை உண்டு. வங்காளத்துக் காந்தா பலர் அறிந்தது. கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியினரான சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். கட்டம் கட்டமாகத் தைத்துச் சேர்ப்பது அவர்கள் முறையன்று. பழம்புடவையை விரித்து, அதன் ஓரத்தில் தொடங்கித் துண்டுகளை வைத்து ஓட்டுத் தையல் போட்டுச் சுற்றிச் சுற்றி நடுவே வந்து முடிக்கிறார்கள். நான்கு மூலையிலும் மடித்த சிறு முக்கோணங்களை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர். பூ இல்லாத போர்வை ஆடையில்லாதது போன்றதாம். தையல் இயந்திரம் இல்லாதவர்களுக்கு இது மிக ஏற்ற முறை. எங்கு வேண்டுமானாலும் மடியில் போட்டுத் தைக்கலாம்.

கந்தை என்ற சொல்லை நம் மக்கள் மீது வசையாக எறிந்திருக்கிறார்கள். மனு நூலின் பத்தாம் இயலில், சண்டாளர் பிணத்தின் ஆடையையே உடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதே மண்ணில் புத்தரின் சங்கத்தார் குப்பை மேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணியைத் தாமே எடுத்து, துவைத்து, துவர் ஏற்றித் தைத்து உடுத்தினார்கள். விதியாக வந்தது இழிவு. விரும்பி ஏற்றது அறம். துணி ஒன்றுதான். அந்தச் சீவர ஆடையை எப்படி வெட்டித் தைப்பது என்ற பேச்சு வந்தபோது, புத்தர் மகத நாட்டு வயல்களையும் அவற்றின் வரப்புகளையும் சுட்டிக்காட்டி, இதுபோல் அமைக்க முடியுமா என்று ஆனந்தரிடம் கேட்டதாக விநய நூல் கூறுகிறது. ஆனந்தர் அவ்வாறே அமைத்தார். இன்றும் பிக்குகளின் ஆடை அந்த வயல் மாதிரியில்தான் தைக்கப்படுகிறது. மழைக்காலம் முடிந்தபின் அவர்கள் கொண்டாடும் கடின விழாவின் பெயரே, துணியைப் பரப்பித் தைக்கும் மரச்சட்டத்தின் பெயர்தான். இதைப் படித்த அன்று நான் நம் அக்காவின் வீட்டுக்கே போய் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அந்த ஆனந்தர் நடவு நட்டவராக இருப்பார் என்றார்.

இனி, வீட்டில் செய்வதற்கான சில குறிப்புகள். நம் பாட்டிமார் பிள்ளை பிறக்குமுன் பழைய நூல்புடவைகளை அடுக்கித் தைத்து வைப்பார்கள். அதைவிட மெத்தென்ற போர்வையை நான் கண்டதில்லை. புடவையில் எல்லா இடமும் ஒரே வலுவோடு இருப்பதில்லை. கரையோரமும் முந்தானையும் வலுவாக இருக்கும். உட்கார்ந்து எழும் பகுதி நைந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரியும் பகுதியை உள்ளடுக்கில் வையுங்கள், வலுவானதை வெளியடுக்கில் வையுங்கள். மெல்லிய புடவையாயின் நான்கு அல்லது ஐந்து அடுக்கு போதும், பஞ்சு வேண்டியதில்லை. பஞ்சு வைத்துத் தைத்தால் தையல் வரிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லையேல் முதல் துவைப்பிலேயே பஞ்சு உருண்டு மூலையில் சேர்ந்துவிடும்.

புதுத் துணியும் பழந்துணியும் கலந்து தைப்பதாயின் புதுத் துணியை முன்னரே நனைத்து உலர்த்துங்கள். கைத்தறித் துணி நனைந்தால் சுருங்கும். பழந்துணி எப்போதோ சுருங்கி முடித்திருக்கும். நனைக்காமல் தைத்தால் துவைத்தபின் போர்வை முகம் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். சிவப்பும் நீலமும் சாயம் விடுமா என்று, ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டே வெள்ளையோடு சேருங்கள். கைப்பிடியை எப்போதும் துணியின் பாவு வாக்கில் வெட்டுங்கள். குறுக்குச் சாய்வாக வெட்டிய கைப்பிடி இரண்டு கிலோ அரிசிக்கே நீண்டு தொங்கும்.

விலையைப் பற்றி ஒரு சொல். வகுப்பில் இப்போது ஒவ்வொரு பைக்கும் ஒரு சீட்டு எழுதுகிறோம். துணி எவ்வளவு, நூல் எவ்வளவு, வெட்ட எத்தனை நிமிடம், தைக்க எத்தனை நிமிடம், இஸ்திரிக்கு எத்தனை நிமிடம், பிரித்துத் தைத்த நேரம் எவ்வளவு என்று எல்லாம் அதில் உண்டு. பிரித்துத் தைத்த நேரத்தை எழுத நம் பெண்கள் கூசுகிறார்கள். கூசாதீர்கள், அதுவும் உழைத்த நேரம்தான். நடவுக்குப் போனால் அன்றைய கூலி என்னவோ, அதற்குக் குறைவாகத் தையல் கூலி வருமானால் அந்த வேலையை ஒப்புக்கொள்வதில்லை என்று வகுப்பில் முடிவு செய்திருக்கிறோம். இதனால் இரண்டு முறை வேலை கைவிட்டுப் போனது. மூன்றாமவர் விலையைக் கூட்டிக் கொடுத்தார். கடைக்காரர் மாதிரி கொடுத்தால், முதல் பையை நம் துணியில் வெட்டித் தைத்துப் பார்த்த பிறகே விலை சொல்கிறோம். தாளைப் பார்த்து விலை சொல்வதை நான் அந்த 200 பையோடு விட்டுவிட்டேன்.

தம்பிகளே, தையல் இயந்திரத்துக்கு ஆண் பெண் தெரியாது. கணக்கில் தேர்ந்த நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்புக்கு வந்தால், துணி சேதமாகாமல் வெட்டு வரிசை போடும் வேலையில் எனக்கு உதவியாக இருக்கும். கண் மங்கிவருகிறது, நூல்கணக்கு முன்போல் பிடிபடவில்லை.

அக்காவின் போர்வையை விற்கவில்லை. சங்கக் கூடத்தின் வடக்குச் சுவரில் மாட்டியிருக்கிறது. வெளியே செல்லும்போது பாருங்கள். தொட்டும் பார்க்கலாம். அதன் கீழே மேசையில் பை மாதிரி மூன்றும், போர்வைக் கட்ட மாதிரி இரண்டும் பழுப்புத் தாளில் வெட்டி வைத்திருக்கிறோம். வேண்டுவோர் தாளின்மேல் தாள் வைத்து வரைந்து கொள்ளலாம். கட்ட மாதிரிகளில் தையலுக்குரிய கால் அங்குலம் சேர்க்கவில்லை. பை மாதிரிகளில் அரை அங்குலம் சேர்த்திருக்கிறது. தாளின் மூலையில் சிவப்பு மையால் அதை எழுதியிருக்கிறேன். வரையும்போது அந்த எழுத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.